குளிர் போதவில்லை

இந்த அறையில் ஏசி நன்றாக வேலை செய்கிறது. உள்ளே வந்து உட்கார்ந்ததுமே கவனித்தேன். சத்தம் மட்டும் கொஞ்சம் கூடுதல். வடிகட்டியில் தூசி அடைத்திருக்கும். கழற்றி அலசி, காயவைத்து மாட்டினால் போதும், ஆளைக் கூப்பிட வேண்டியதில்லை. கூப்பிட்டால் வந்தவன் வேறு ஏதாவது போய்விட்டது என்பான்.

மெதுவாக, முதலில் இருந்து சொல்லச் சொன்னீர்கள். எனக்கும் அவசரம் இல்லை. நீங்கள் கேட்டது காரைப் பற்றி. ஆனால் காரில் ஆரம்பித்தால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. என் வேலையில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பார்ப்பவள் நான். கடையின் பின்பக்கம் ஒரு சின்ன இருட்டறை, ஒரு நாற்காலி, எதிர்ச்சுவரில் எழுத்துப் பலகை. வருகிறவரை உட்காரவைத்து, கனமான அந்தச் சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டி, கண்ணாடி வில்லைகளை ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டுக் கேட்பேன். “இது தெளிவா இருக்கா, இதுவா?” முதலில் பட்டுப்பட்டென்று பதில் வரும். வித்தியாசம் குறையக் குறையத் தயங்குவார்கள். அப்போது நான் ஒரு காரியம் செய்வேன். போட்டிருந்த வில்லையை எடுத்து, அதே வில்லையைத் திரும்பப் போட்டு, “இப்போ?” என்பேன். “இப்போ கொஞ்சம் பரவாயில்லீங்க” என்பார்கள். ரெண்டும் ஒன்றுதானே என்று சொன்னவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இதை நான் விளையாட்டுக்குச் செய்வதில்லை. அவர்கள் பதிலை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று தெரிந்துகொள்ளத்தான். அதிகம் நம்ப முடியாது. மனிதர்களுக்குத் தங்கள் கண்ணைவிட, பக்கத்தில் நின்று கேட்பவரின் குரல்மேல்தான் நம்பிக்கை.

எனக்கு ஒரு தம்பி இருந்தான். வயது வித்தியாசம் அதிகம் என்பதால் இடுப்பில் தூக்கி வளர்த்தது நான்தான். படிப்பு ஏறவில்லை. கார் ஏசி பழுது பார்க்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். அந்தக் கடைக்காரரைத்தான் எல்லோரும் டாக்டர் என்று கூப்பிடுவார்கள். உங்களுக்கும் அவரைத் தெரிந்திருக்கும், உங்கள் ஸ்டேஷன் வண்டிகளும் அங்கேதான் போகும் என்று தம்பி சொல்லியிருக்கிறான்.

டாக்டர் என்ற பெயர் அவருக்குச் சும்மா வரவில்லை. வண்டி வந்து நின்றதும் முன் இருக்கையில் உட்கார்ந்து, காற்று வரும் துவாரத்தில் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். கொஞ்ச நேரம்தான். பிறகு கையை எடுத்து இன்னது போய்விட்டது என்று சொல்லிவிடுவார். தெர்மாமீட்டர் என்று ஒன்று அந்தக் கடையிலேயே கிடையாது. “கை பொய் சொல்லாது” என்பார். அதைப் பார்ப்பதற்கென்றே சிலர் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்களாம். பெரும்பாலும் அவர் சொன்னது சரியாகவே இருந்தது. அதை நான் மறுக்கவில்லை.

தம்பிக்கு அவர்மேல் கொள்ளைப் பிரியம். வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்துவிடுவான். “ஏசி குளிர உண்டாக்குதுன்னு நெனைக்கிறியாக்கா? அதெல்லாம் இல்ல. உள்ள இருக்கற சூட்டை அள்ளி வெளிய கொட்டுது, அவ்வளவுதான். அண்ணன்தான் சொன்னாரு.” கம்ப்ரசர் எதற்கு, கண்டென்சர் எதற்கு, சூடு எந்த வழியாகத் திரும்ப உள்ளே நுழைந்துவிடும் என்றெல்லாம் சாப்பாட்டுத் தட்டில் விரலால் கோடு போட்டுக் காட்டுவான். நான் தலையை ஆட்டிக்கொண்டிருப்பேன். காதில் விழுந்ததெல்லாம் உள்ளே தங்கியிருக்கிறது என்பது எனக்கே பிற்பாடுதான் தெரிந்தது.

ஒரு துணிக்கடைக்காரரின் கார் வந்தது. குளிர் போதவில்லை என்பது புகார். டாக்டர் கையை வைத்தார், கம்ப்ரசர் என்றார். தம்பி புது கம்ப்ரசர் மாட்டினான். குளிர் போதவில்லை. கண்டென்சரை மாற்றச் சொன்னார். மாற்றினான். அப்போதும் போதவில்லை. துணிக்கடைக்காரர் கடை வாசலில் நின்றுகொண்டு நாலு பேர் கேட்க, “என்ன டாக்டர், வயசாயிடுச்சா?” என்று சிரித்தாராம். டாக்டரின் கை பொய் சொல்லாது என்றால், பாகம்தான் பொய் சொல்லியிருக்க வேண்டும். பாகத்தை மாட்டியவன் தம்பி. புதுசை விற்றுவிட்டு, பழசுக்குப் பெயிண்ட் அடித்து மாட்டிவிட்டான் என்று முடிவு கட்டினார்.

தம்பி சொன்னது ஒன்றே ஒன்றுதான். “அண்ணே, கம்ப்ரசர் நல்லாதான் ஓடுது. உள்ள எங்கயோ சூடு கலக்குது. டேஷ்போர்டைக் கழட்டிப் பாத்துடலாம்ணே.” அதற்குப் பதிலாகக் கன்னத்தில் ஒரு அறை விழுந்தது. எல்லோர் முன்னாலும்.

அதற்குப் பிறகு அவனை யாரும் வேலைக்கு வைத்துக்கொள்ளவில்லை. அந்தத் தொழிலில் ஆட்கள் குறைவு, பேச்சு சீக்கிரம் பரவிவிடும். பேசி முடித்திருந்த பெண் வீட்டார், கொஞ்ச நாள் போகட்டும் என்றார்கள், அப்படியே போய்விட்டார்கள். கடைசியில் தூரத்துக்குப் போகும் ஒரு லாரியில் ஏறினான், ஓட்டுநருக்கு உதவியாளாக. எங்கோ நெடுஞ்சாலை ஓரம் உச்சி வெயிலில் வண்டியை நிறுத்தியிருக்கிறார்கள். நிழல் என்று சொல்ல அங்கே ஒரு மரம்கூட இல்லை. லாரிக்கு அடியில் போய்ப் படுத்திருக்கிறான். ஓட்டுநர் அவன் உள்ளே ஏறிவிட்டான் என்று நினைத்து வண்டியை எடுத்துவிட்டார். அந்த ஓட்டுநர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர் வீட்டுக்கே வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று அழுதார்.

டாக்டர் வரவில்லை.

அப்போதும் நான் ஒன்றும் செய்யவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். வருடங்கள் போயின. வேலைக்குப் போனேன், வந்தேன். ஒரு நாள் படிக்கும் கண்ணாடி போட ஒருவர் வந்தார். நாற்காலியில் உட்காரவைத்துச் சட்டத்தை மாட்டினேன். அதை மாட்டிவிட்டால் சிலருக்குப் பேச்சு பெருகும். இவர் தன் பழைய காரைப் பற்றி ஆரம்பித்தார். அந்தத் துணிக்கடைக்காரர்.

“ஏசில ஆயிரம் மாத்தியாச்சும்மா, ஒண்ணும் நடக்கல. கடைசில பாத்தா ஒரு சின்ன கிளிப்பு. சூட்டுக் காத்து வர்ற பக்கம் ஒரு மூடி இருக்காம், அது முழுசா மூடல. அந்த டாக்டர்தான் டேஷ்போர்டைக் கழட்டிக் கண்டுபிடிச்சாரு. கில்லாடி மனுஷன்.”

“எப்போ கண்டுபிடிச்சாரு?” என்று கேட்டேன்.

“அந்தத் திருட்டுப் பையனத் தொரத்தி விட்டாரில்ல, அதுக்கடுத்த வாரமே.”

நான் வில்லையை மாற்றினேன். இது தெளிவாக இருக்கிறதா, இதுவா என்று கேட்டேன். அவருக்குச் சரியான கண்ணாடியைத்தான் கொடுத்து அனுப்பினேன். அவர்மேல் எனக்கு என்ன கோபம் இருக்க முடியும்?

அடுத்த வாரமே. அப்போது தம்பி வீட்டில்தான் இருந்தான், கூடத்து மூலையில் பாயைப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். டாக்டர் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தால் போதும். நேரில் வர வேண்டாம், மன்னிப்புக் கேட்க வேண்டாம். கிளிப்புதான் உடைந்திருந்தது என்று யாரிடமாவது சொல்லி அனுப்பியிருந்தால் போதும்.

அதன்பிறகு நான் ஒரு பழைய கார் வாங்கினேன். வெள்ளை நிறம், நாலு கதவு. ஓட்டக் கற்றுக்கொண்டேன். என் வயதில் கற்றுக்கொள்வது கஷ்டம், ஆனால் என்னால் எதையும் பொறுமையாகச் செய்ய முடியும். அந்தக் காரில் ஏசி அருமையாக வேலை செய்தது. அதை டாக்டரின் கடைக்கு ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தி, குளிர் போதவில்லை என்று சொன்னேன்.

அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை என்றுதான் நினைத்தேன். நரைத்துவிட்டேன், இளைத்தும் இருந்தேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, “உக்காரும்மா” என்று ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பிறகு காரில் ஏறிக் கையை வைத்துக் கண்ணை மூடினார்.

“நல்லாத்தானே வருது?”

“இப்போ வருது. கொஞ்ச தூரம் ஓட்டினா கொறைஞ்சிடுது.”

எந்த மெக்கானிக்குக்கும் பிடிக்காத வாக்கியம் இது என்று தம்பி சொல்லியிருக்கிறான். கடையில் நிற்கும்போது ஒளிந்துகொள்ளும் கோளாறு. டாக்டர் ஏசியில் இருந்த வாயுவை எடுத்து மறுபடி நிரப்பினார். மூடியைப் பார்க்கத் தவறவில்லை, டேஷ்போர்டைக் கழற்றி முதலில் அதைத்தான் பார்த்தார். ஒன்றும் இல்லை. எடுத்துப் போனேன், சில நாள் கழித்துத் திரும்ப வந்தேன். வால்வை மாற்றினார். திரும்ப வந்தேன். கண்டென்சரை மாற்றினார். காசைப் பற்றி நான் பேச்செடுத்தால், “மொதல்ல சரியாகட்டும்மா” என்று கையை ஆட்டிவிடுவார். கர்வம் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் காரை எதுவும் செய்யவில்லை. இதை நீங்கள் நம்புவது கஷ்டம்தான். ஒரு திருகைக்கூடத் தளர்த்தவில்லை. ஒவ்வொரு தடவையும் அவர் கையை வைத்து, “சில்லுனு இருக்கே” என்பார். நான் என் கையை வைத்துக் கொஞ்ச நேரம் யோசிப்பேன். “எனக்கு அப்படித் தெரியலையே. போன தடவ இதவிடப் பரவாயில்ல மாதிரி இருந்துச்சு” என்பேன். அவ்வளவுதான்.

அப்புறம் அவர் மனைவி. அந்த அக்கா மதியச் சாப்பாட்டு டப்பாவோடு கடைக்கு வருவார். குண்டாக, எப்போதும் சிரித்த முகமாக, நெற்றியில் வேர்வையோடு. ஒரு நாள் டாக்டர், “நீ வச்சுப் பாரு” என்று அவரைக் கூப்பிட்டார். அக்கா துவாரத்தில் கை வைத்தார், டாக்டர் முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். “கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கு போல” என்றார். என்னைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று சொல்லியிருப்பார், அவர் அப்படிப்பட்டவர். டாக்டர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார், யாரோ கழற்றி மாற்றிவிட்டார்கள் என்பதுபோல.

அடுத்த முறை போனபோது கடையில் ஒரு தெர்மாமீட்டர் இருந்தது. அதற்கடுத்த முறை இரண்டு. இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை, ஒரு டிகிரி முன்னே பின்னே காட்டின. எதை நம்புவது என்று என்னையே கேட்டார்.

கண் சரியில்லையோ என்று சொன்னது நான்தான். பிரஷர் காட்டும் கடிகாரத்தை அவர் கிட்டேயும் தூரத்திலும் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார், அந்த வயதில் எல்லோரும் செய்வதுதான். “நம்ம கடைக்கு வாங்கண்ணே, நானே பாத்துத் தர்றேன்” என்றேன். வந்தார். என் நாற்காலியில் உட்கார்ந்தார். பெரிய பெரிய கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தேவையானதற்கு அரை பவர் கூட்டிக் கொடுத்தேன். அது கண்ணைக் கெடுத்துவிடாது. தலை வலிக்கும், கொஞ்சம் மயக்கமாக வரும், முள் எந்தக் கோட்டில் நிற்கிறது என்பதில் சந்தேகம் வரும். தலை வலிக்கிறதும்மா என்று பிறகு வந்து சொன்னபோது, பழகிவிடும் என்றேன். பழகிவிட்டது. தலைவலியோடு வேலை செய்யப் பழகிக்கொண்டார்.

ஒரு மனிதன் ஒரு வண்டியில் தோற்றால் ஒரு வண்டியோடு போகாது. மற்ற வண்டிகளிலும் அவருக்குச் சந்தேகம் வர ஆரம்பித்தது. சரியாக ஓடுவதையெல்லாம் கழற்றிப் பார்த்தார். மாலையில் தருகிறேன் என்ற வண்டியை அடுத்த வாரம் தந்தார். கையை வைத்துச் சொல்வதை விட்டுவிட்டார், யாராவது கேட்டால்கூட, “பாத்துதான் சொல்லணும்” என்றார். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் வேறு கடை வாசலில் தேநீர் குடித்தார்கள். வேலைக்கு இருந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். கடைசியில் அக்காவே வந்து ஸ்பேனரை எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார்.

ஒரு மத்தியானம் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார். “வந்தவங்க எல்லாம் போயிட்டாங்க. நீ ஒருத்திதான் இன்னும் இவர விட்டுட்டுப் போகல. உன் வண்டிய சரி பண்ணிட்டா மனுஷன் எந்திரிச்சிடுவாரு.”

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த அக்காமேல் எனக்கு எந்த விரோதமும் கிடையாது. இதை நீங்கள் எங்கே வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம்.

இப்போது நீங்கள் கேட்கும் நாளுக்கு வருகிறேன்.

அந்தத் தெருவுக்கு வார விடுமுறை. எல்லாக் கடையும் பூட்டிக் கிடந்தது. எனக்காகவே டாக்டர் கடையைத் திறந்திருந்தார். கம்ப்ரசரையும் மாற்றியாயிற்று, அந்தக் காரில் இனி மாற்ற ஒன்றும் மிச்சமில்லை. காரை முகம் தெருவைப் பார்க்க, பின்பக்கம் உள்சுவரைப் பார்க்க நிறுத்தி, பானெட்டைத் திறந்துவைத்திருந்தார். வண்டிப் புகை வெளியே போக உள்சுவரில் ஒரு விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அக்கா வந்திருந்தார் என்பது எனக்குத் தெரியும், சாப்பாட்டு டப்பாவைக் கழுவப் பின்பக்கம் குழாயடிக்குப் போயிருந்தார். வழக்கமாகக் கழுவியதும் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். அன்றும் கிளம்பியிருப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் காருக்குள் இருந்தது நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

டாக்டர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே குரலைத் தாழ்த்திப் பேசினார்.

“ஒன்னு சொல்லணும்மா. அவளுக்குத் தெரியாது, தெரிய வேண்டாம். நீ யாருன்னு எனக்கு மொத நாளே தெரியும்.”

நான் அவர் கையில் இருந்த துணியைப் பார்த்தேன்.

“ஒந்தம்பி எடுக்கல. கிளிப்புதான் ஒடைஞ்சிருந்துச்சு. நான்தான் வாயத் திறக்கல. வெக்கமா இருந்துச்சு. இன்னிக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன், அதுக்குள்ள அவன் லாரியில போயிட்டான். அப்புறம் சேதி வந்துச்சு. உங்க தெரு முனை வரைக்கும் வந்தேன், உள்ள வரக் கால் வரல. நீ இந்த வண்டியக் கொண்டாந்து நிறுத்தினப்போ, கடவுளாப் பாத்து அனுப்பிருக்காருன்னு நெனைச்சேன். இதச் சரி பண்ணிக் குடுத்துட்டுச் சொல்லிடலாம்னு பாத்தேன். சரியாகவே மாட்டேங்குது. அவன் மனசு ஆறல போலருக்கு.”

பெரிய மனிதர் அழுதால் பார்க்கச் சங்கடமாக இருக்கும். நான் கொடுத்த கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழுதார். என்னை மன்னிச்சிடும்மா என்றார். நான் நினைத்திருந்ததெல்லாம் அவர் வாயாலேயே வந்துவிட்டது. கேட்க வந்த ஒன்றைக் கேட்டாயிற்று. அத்தோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். போகத்தான் நினைத்தேன். சரிங்கண்ணே, போனது போகட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அவர் நிறுத்தவில்லை. மனதில் இருப்பதைக் கொட்ட ஆரம்பித்தவர்களுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது.

“எனக்கும் மொதல்ல சந்தேகம்தான்மா இருந்துச்சு, பையன் செய்ய மாட்டானேன்னு. அவன நான் அறைஞ்ச அன்னிக்கே நீ கடைக்கு வந்து, எவ்வளவுன்னு சொல்லுங்க, நான் கட்டிடறேன், விஷயத்தை இத்தோட விட்டுடுங்கன்னு கேட்ட பாரு, அப்பத்தான் எனக்கு உறுதியாச்சு. கூடப் பொறந்தவளே சொல்றாளேன்னு. அவன் அப்போ ஷட்டர் பக்கத்துல நின்னுட்டிருந்தான். நீ பாக்கல. நான் பாத்தேன்.”

இதை நான் உங்களிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். அவசியம் என்று தோன்றவில்லை. எந்த அக்காவாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள். தகராறு வளராமல் முடியட்டும் என்று போனேன், அவன் எடுத்தான் என்று நான் சொல்லவில்லை. எடுக்கவில்லை என்றும் சொல்லவில்லை, அவர் அதைக் கேட்கவும் இல்லை. அன்று மாலை தம்பி என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டான். பாயைச் சுவர்ப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டது அன்றைக்குத்தான். அறை வாங்கிய வலி என்று நினைத்தேன்.

அதற்கும் பிறகு நடந்ததற்கும் சம்பந்தம் இல்லை. நீங்கள் அப்படி முடிச்சுப் போடுவீர்கள் என்று தெரியும், அதனால் சொல்கிறேன்.

டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியை மாட்டினார். பானெட்டை மூடினார். “இன்னிக்கு இதுல ரெண்டுல ஒன்னு பாத்துடறேன். நீ சொல்ற மாதிரி நீண்ட நேரம் ஓடவிட்டுப் பாப்போம்” என்றார். வெயில் நேராகக் காரின் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. “ஷட்டரைப் பாதி எறக்கி விட்டுட்டுப் போம்மா. வெயில்ல ரீடிங் தப்பாக் காட்டுது. குளுந்ததும் நானே வண்டியக் கொண்டாந்து வீட்ல விடறேன்.” காரில் ஏறிக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, துவாரத்தில் தெர்மாமீட்டரைச் செருகினார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

நான் ஷட்டரைப் பாதி இறக்கினேன். பிறகு மீதியையும் இறக்கினேன். அதற்கு முன்னால், ஷட்டரை ஒட்டி உள்பக்கச் சுவரில் இருந்த சுவிட்சுகளில் ஒன்றை அணைத்தேன். ஒன்று விளக்கு, ஒன்று அந்த விசிறி. விளக்கை எரியவிட்டேன், அவருக்கு ரீடிங் பார்க்க வேண்டுமே. வெளியே கொக்கியில் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது, அழுத்தினேன். விடுமுறை நாளில் ஒரு கடையைத் திறந்துபோட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வராது.

தகரத்தில் காதை வைத்துக் கேட்டேன். எஞ்சின் சீராக ஓடியது. கம்ப்ரசர் சேர்ந்துகொள்ளும்போது ஒரு சின்ன சத்தம் வரும், பிறகு விட்டுவிடும், மறுபடி சேரும். நல்ல நிலையில் இருக்கும் ஏசி அப்படித்தான் சத்தம் கொடுக்கும் என்று தம்பி சொல்வான்.

அங்கிருந்து என் கடைக்குப் போனேன். எங்கள் தெருவுக்கு அன்று விடுமுறை இல்லை. ஒரு பள்ளி ஆசிரியைக்கும், கல்யாணத்துக்கு முன் கண்ணாடியை மாற்றிவிட வேண்டும் என்று வந்த ஒரு பெண்ணுக்கும் கண் பார்த்தேன். இருவருக்கும் பவர் சரியாகத்தான் போட்டேன். அவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அவர் கஷ்டப்பட்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். தலை வலித்திருக்கும், அது அவருக்குப் பழக்கம்தான். குளிர்ந்த காற்றில் தூக்கம் வருவதும் இயல்பு. கார் கதவு உள்ளிருந்து பூட்டியிருக்கவில்லை என்று நீங்களே சொன்னீர்கள். இறங்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. என் தம்பிக்கு அந்த அளவு அமைதிகூடக் கிடைக்கவில்லை.

ஆமாம், நான்தான் செய்தேன். தெரிந்துதான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டினால் போட்டுவிடுகிறேன். அவரைப் பொறுத்தவரை எனக்கு வருத்தம் இல்லை. அக்காவைப் பொறுத்தவரை, நடந்தது விபத்து. அதை மட்டும் நீங்கள் தனியாக எழுத வேண்டும்.

ஷட்டர் இறங்குவதைப் பார்த்து அவர் ஏதாவது சொன்னாரா என்று திரும்பவும் கேட்கிறீர்கள். இல்லை. அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை, குனிந்து தெர்மாமீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து இருக்கையில் இருந்த அக்காதான் துவாரத்தில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, நன்றாகக் குளிர்கிறது என்று கண்ணாடி வழியாக என்னிடம் தலையை ஆட்டிச் சிரித்தார், போய் வா என்று கையசைத்தார். நானும் அவருக்குக் கையசைத்துவிட்டுத்தான் மீதி ஷட்டரை இறக்கினேன்.